ஒரு நிமிடத்துக்காக அரைப்பேரா?

ஒக்டோபர் 9ஆம் திகதி, திங்கட்கிழமை இரவு. மழை விட்டும் விடாத நேரம். மழை கனத்தால் டிஷ்ஷில் படம் உடைந்து உடைந்துதான் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் மேல்லயத்தில் ஒரு வீட்டின் முன்காம்பிராவில் இருபது பேர் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். டில்லி ஜவஹர்லால் நேரு மைதானத்தில் இந்தியாவும் கொலம்பியாவும் ஆடின. 17 வயதுக்குட்பட்ட பையன்களுக்கான உலகக் கிண்ண உதைபந்தாட்டம். வீட்டுக்கார அம்மாயிக்கு நாடகம் போச்சே என்ற கோபம். "யாரோட ஆடுறானுக?" என்று கேட்டார். கொலம்பியா என்றோம். "கொழும்புப் பயலுகளா? அப்ப ரெண்டும் நம்ம ஆளுகதானே, எவன் ஜெயிச்சா என்னா" என்று சொல்லிவிட்டு வெற்றிலைப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். சிரித்தோம். ஆனால் அவருடைய அண்ணன் குடும்பம் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் கோத்தகிரிக்குப் போனது. பேரன் கொழும்பில் கடையில் நிற்கிறான். அவர் கணக்கு அவருக்குச் சரி.

ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தில் இந்தியா ஆடியது இதுதான் முதல் தடவை. போட்டியை நடத்தும் நாடு என்பதால் இடம் கிடைத்தது. 6ஆம் திகதி அமெரிக்காவிடம் 3-0 என்று தோற்றார்கள். கொலம்பியாவுடன் முதற்பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், 49ஆவது நிமிடத்தில், கொலம்பியாவின் பெனலோசா ஒரு கோல் போட்டார். 82ஆவது நிமிடத்தில் இந்தியாவுக்கு ஒரு கோணர். சஞ்சீவ் ஸ்டாலின் உதைத்த பந்துக்கு ஜீக்சன் சிங் எழும்பித் தலையால் முட்டினார். கோல்! உலகக் கிண்ணத்தில் இந்தியா போட்ட முதலாவது கோல். மைதானமே எழும்பியது. எங்கள் காம்பிராவில் தகரம் அதிர்ந்தது. பையன்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கொண்டாடினார்கள். 83ஆவது நிமிடத்தில் அதே பெனலோசா மறுபடியும் கோல் போட்டார். 2-1. அவ்வளவுதான்.

மறுநாள் காலை பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடுவதற்கு முன்பே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. "ஆட்டம் முடியுறதுக்குள்ள ஆடிட்டானுக." "ஒரு கோல் போட்டதுக்கே அந்தக் குதி குதிச்சா வெளங்குமா?" ஆட்டத்தையே பார்க்காதவர்கள்தான் கூடுதலாகப் பேசினார்கள். பகல் கொழுந்து நிறுக்கும்போதும் அதுதான் பேச்சு. சாயந்திரம் தவறணைப் பக்கம் என்ன பேசியிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. இந்தியா 12ஆம் திகதி கானாவிடம் 4-0 என்று தோற்று வெளியேறிய பிறகும் எல்லாருக்கும் ஞாபகத்தில் நின்றது அந்த ஒரு நிமிடம்தான்.

எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. கொண்டாடியதால் தோற்றார்கள் என்று சொல்வது பிழை. ஏன் என்று சொல்கிறோம். நீங்கள் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை.

முதலில் விளையாட்டுச் சட்டம். கோல் விழுந்தால் பந்து நடு மைதானத்துக்குப் போகும். இரண்டு பக்கத்து ஆட்களும் தங்கள் தங்கள் பாதிக்குத் திரும்பி, நடுவர் விசில் ஊதிய பிறகுதான் ஆட்டம் மறுபடி தொடங்கும். நீங்கள் கொடிக்கம்பத்தருகே கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும்போது எதிராளி ஓடிப்போய்க் கோல் போட முடியாது. ஆகவே, "அவனுக கொண்டாடிக்கிட்டு இருக்கும்போதே அவன் போட்டுட்டான்" என்று பெரட்டில் சொன்னது நடக்க முடியாத கதை. பையன்கள் திரும்பி வந்தார்கள், நின்றார்கள், விசில் ஊதியது, ஆட்டம் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் தோற்றார்கள்.

அந்த இடத்தில் எங்கள் கண்ணில் பட்டது வேறு. 80 நிமிடம் தங்களைவிடப் பலமான ஓர் அணியைத் துரத்தித் துரத்தி ஓடிய கால்கள் அவை. சமநிலை கிடைத்ததும் பின்வாங்கி, எட்டுப் பேரைக் கோலுக்கு முன்னால் நிறுத்தி, மிச்ச நேரத்தை ஓட்டியிருக்கலாம். பழுத்த ஆட்டக்காரர்கள் அதைத்தான் செய்வார்கள். இந்தப் பையன்கள் இன்னொரு கோல் போட்டு ஜெயிக்கலாம் என்று நினைத்தார்கள் என்றே எங்களுக்குத் தோன்றியது. கால் களைத்திருந்தது, மனம் முன்னுக்கு ஓடியது. இடையில் ஓர் ஓட்டை விழுந்தது, பெனலோசா அதைக் கண்டுபிடித்தார். இது அனுபவக் குறைவு, ஒத்துக்கொள்கிறோம். திமிர் இல்லை.

இன்னுமொன்று. முதற்பாதியில் அபிஜித் சர்க்காருக்குக் கோலுக்கு நேரே ஒரு வாய்ப்பு வந்தது. கொலம்பியாவின் கோல்காப்பாளர் தடுத்துவிட்டார். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் கேரளத்துப் பையன் ராகுல் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. நாலு விரல் உள்ளே போயிருந்தால் கதை வேறு. அமெரிக்காவுடன் ஆடியபோதும் அன்வர் அலியின் அடி மேல்கம்பத்தில் பட்டு வந்தது. அந்தப் பந்தையே எடுத்துக்கொண்டு ஓடித்தான் அமெரிக்கா தன் மூன்றாவது கோலைப் போட்டது. கோல்காப்பாளர் தீரஜ் சிங் எத்தனை பந்தைப் பாய்ந்து தடுத்தார்! இவற்றைப் பற்றி யாராவது பெரட்டில் பேசினார்களா?

நாள் முழுக்க மலை ஏறி இறங்கிக் கொழுந்து பறித்துவிட்டு வருகிறோம். தராசில் முள் நிர்ணயித்த கிலோவுக்கு ஒன்றரைக் கிலோ கீழே நிற்கிறது. உடனே அரைப்பேர். அட்டை கடித்தது, காலை முழுக்க மழை, கொடுத்த மலையில் கொழுந்தே இல்லை என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் ஏறாது. கடைசியில் முள் நின்ற இடம் மட்டும்தான் கணக்கு. 2016ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் 730 ரூபா என்றார்கள். பிரித்துப் பார்த்தால் அடிப்படை 500. வரவுக்கு 60, உற்பத்திக்கு 140, விலைப் பங்கு 30. கிலோ குறைந்தால் 140 இல்லை. நாள் குறைந்தால் 60 இல்லை. இந்தக் கணக்கு அநியாயம் என்று மேடைக்கு மேடை பேசுகிற நாமே, 90 நிமிடம் ஓடிய பையனுக்கு ஒரு நிமிடத்தைக் காட்டி அரைப்பேர் போடுகிறோம்.

கொண்டாட்டத்தைப் பற்றிய பேச்சு எங்களுக்கு ஏன் சுருக்கென்று தைத்தது என்றும் சொல்லிவிடுகிறோம். ஆட்டம் நடந்து ஒன்பதாம் நாள் தீபாவளி. அட்வான்ஸ் கைக்கு வந்ததும் டவுனுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குச் சட்டை, இரண்டு கிலோ இறைச்சி, ஒரு பெட்டி பட்டாசு வாங்கினோம். நாம் உழைத்து அடைக்கப்போகிற காசு. மாதாமாதம் சம்பளச் சீட்டில் வெட்டுவார்கள். அப்படியிருந்தும் ஒவ்வொரு வருஷமும் யாராவது சொல்லத்தான் செய்கிறார்கள்: "தோட்டத்து ஆளுக ஒரு நாள் கூத்துக்காகக் கடன்படுறவங்க, அதான் முன்னேறல." நமது கடனுக்குக் காரணம் ஒரு பெட்டி பட்டாசா? மற்ற 364 நாள் வாங்குகிற சம்பளத்தைப் பற்றி அவர்கள் வாய் திறப்பதில்லை. ஏழை சந்தோஷப்பட்டால் அதை அவன் செய்த குற்றமாக்கி, அவன் தோல்விக்கு அதையே காரணமாக்குவது பழைய வழக்கம். வெளியார் சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது. அதே வார்த்தையை நாமே அந்தப் பையன்கள்மேல் போடுகிறோம்.

அவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று பாருங்கள். கோல் போட்ட ஜீக்சன் மணிப்பூர்க்காரர். அப்பா பாரிசவாதத்தில் விழுந்த பிறகு அம்மா இம்பால் சந்தையில் மரக்கறி விற்றுக் குடும்பத்தைப் பார்த்தார். தலைவர் அமர்ஜித் சிங்கின் அம்மா மீன் விற்கிறவர். கோணர் உதைத்த சஞ்சீவ் ஸ்டாலினின் வீட்டில் பெங்களூர் நடைபாதையில் துணி விற்றார்கள். அபிஜித் சர்க்காரின் அப்பா வங்காளத்தில் சைக்கிள் வண்டியில் பாரம் ஏற்றி மிதிப்பவர், அம்மா பீடி சுற்றுபவர். சிக்கிமிலிருந்து வந்த கோமல் தாட்டலின் அப்பாவும் அம்மாவும் தையல்காரர்கள். 21 பேர் அணியில் எட்டுப் பேர் மணிப்பூர் என்ற ஒரு சின்ன மலைநாட்டு மாநிலத்துப் பிள்ளைகள். இந்தியா என்றதும் நமக்குக் கிரிக்கெட்காரர்களின் கார்தான் ஞாபகம் வரும். இது வேறு இந்தியா. நம் லயத்தில் பிறந்திருந்தால் நம் பிள்ளைகளோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போயிருக்கக்கூடியவர்கள்.

அதற்காகத் தோல்வியை வெற்றி என்று சொல்லப்போவதில்லை. "தோற்றாலும் மனதை வென்றார்கள்" என்று எழுதுவதும் எங்களுக்குப் பிடிக்காது. தேர்தலில் தோற்றவர்கள் பேசுகிற பேச்சு அது. மூன்று ஆட்டம், வாங்கியது ஒன்பது கோல், போட்டது ஒன்று. கானாவுடன் ஆடியபோது தோளோடு தோள் மோதியதில் நம் பக்கத்துப் பையன் (பாருங்கள், 'நம் பக்கம்' என்று எழுதிவிட்டோம், 1995இல் கொழும்பில் தென்னாசியக் கிண்ண இறுதி ஆட்டத்தில் இதே இந்தியாவை 1-0 என்று தோற்கடித்தது இலங்கை என்பதையும் மறக்கவில்லை) ஒவ்வொரு முறையும் இரண்டடி தள்ளிப் போனான். அந்த இரண்டடி மைதானத்தில் உண்டானதில்லை. அம்மாவின் வயிற்றிலும், பிள்ளைக்காம்பிராவிலும், பள்ளிக்கூடத்துப் பகல் சாப்பாட்டிலும் உண்டானது.

இங்கேதான் பேச்சு நம் பக்கம் திரும்புகிறது. 2016ஆம் ஆண்டு அரசாங்கம் எடுத்த குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் மட்டும் எடுத்தால் நூற்றுக்கு 32 அளவில். மூன்றில் ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளை 15 வயதில் பந்துக்கு எழும்பும்போது எவ்வளவு உயரம் எழும்பும்? "நம்ம பயலுகளுக்கு ஸ்டெமினா இல்ல" என்று மைதான ஓரத்தில் நின்று கத்துகிற அண்ணன்மார் அடுத்த தடவை கத்துவதற்கு முன் இதை ஒருமுறை நினைக்கவேண்டும்.

உயரம் இருந்தாலும் ஆட இடம் வேண்டுமே. இந்த மலைநாட்டில் மட்டமாக ஓர் ஏக்கர் கிடைத்தால் அதில் துரைமார் பங்களாவும் புல்வெளியும் வந்தன. மிச்சம் மட்டம் கிளப்புக்குப் போனது. தரவளையும் ரதல்லையும் அவர்கள் கிரிக்கெட்டும் ரக்பியும் ஆட வெட்டிய மைதானங்கள். நமக்கென்று சொல்ல நோர்வூட் இருக்கிறது, ஹட்டனில் டன்பார் இருக்கிறது. 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடி வந்து பேசியது அந்த நோர்வூட் மைதானத்தில்தான். நம்மில் பலர் விடியலிலேயே லொறியிலும் பஸ்ஸிலும் போய் நின்றோம். இன்னும் 10,000 வீடு என்று அறிவித்தார், கைதட்டினோம். வீடு வரட்டும், வரத்தான் வேண்டும். ஆனால் ஒரு தோட்டத்துப் பையன் டன்பாருக்குப் போய்ப் பந்தடித்துவிட்டு வர பஸ் காசு எவ்வளவு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று அவன் அம்மாவைக் கேளுங்கள்.

எங்கள் தோட்டத்தில் பிள்ளைகள் ஆடுவது பழைய மடுவத்துக்கு மேலே உள்ள ஒரு மேட்டில். முன்பு நல்ல அகலமாக இருந்தது. பாதியில் விறகு மரம் நட்டுவிட்டார்கள். மிச்சப் பாதி ஒரு பக்கம் சரிவு. கீழ்க்கோலுக்கு ஆடுகிற அணிதான் எப்போதும் ஜெயிக்கும் என்பதால், பூவா தலையா போடும்போதே பாதி ஆட்டம் முடிந்துவிடும். பந்து தேயிலைக்குள் போனால் செடியை மிதிக்கிறான் என்று வாச்சர் சத்தம் போடுவார். ஓடைக்குள் போனால் அன்றைய ஆட்டம் சரி. அந்த மேட்டில்கூட நம் பெண் பிள்ளைகள் இறங்கி ஆடி நாங்கள் பார்த்ததில்லை. ஓரத்தில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று பார்ப்பார்கள். டில்லி ஆட்டம் நடந்த இரவும் இரண்டு பிள்ளைகள் கதவோரம் நின்றே கடைசிவரை பார்த்தன. பந்து கம்பத்தில் பட்டபோது முதலில் கத்தியது அவர்கள்தான்.

அன்று எங்களோடு உட்கார்ந்து பார்த்தவர்களில் ஒரு பையன். வயது 16. எங்கள் அணியில் பின்வரிசையில் ஆடுகிறவன். கெட்டிக்காரன், மழையிலும் பந்தை விடமாட்டான். அவனுடைய அப்பா கவ்வாத்து மலைக்குப் போகிறவர், சங்கத்துக்கு ஒரு மாதமும் சந்தா தவறாதவர், எங்கள் எல்லாருக்கும் மரியாதையுள்ள அண்ணன். இரண்டாவது கோல் விழுந்ததும் மகன் பக்கம் திரும்பி, "பாத்தியாடா? இதுதான் பந்து. ஒரு நிமிசம் குதிக்கலாம், பொறவு ஒண்ணுமில்ல. தீவாளி முடிஞ்சதும் மாமாகூடக் கெளம்பு" என்றார். கொழும்பில் ஒரு கடையில் வேலைக்குப் பேசிவைத்திருக்கிறார். டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை. பையன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஞாயிறு பக்கத்துத் தோட்டத்தோடு ஆட்டம் இருந்தது, அவன் வரவில்லை. நாங்கள் 3-0 என்று தோற்றோம். அவன் வந்திருந்தாலும் தோற்றுத்தான் இருப்போம், அதை மறைக்கவில்லை.

அந்த அண்ணனை நாங்கள் குறை சொல்லவில்லை. மூன்று பிள்ளை, ஒரு சம்பளம், சம்சாரத்துக்கு முழங்கால் வருத்தம். பந்து சோறு போடாது என்று அவர் சொல்வது பொய்யில்லை. நம் தோட்டத்திலிருந்து பந்தடித்துச் சோறு தின்றவர் ஒருவரையும் எங்களால் காட்ட முடியாது. ஆனால் 16 வயதில் கடையில் மூட்டை தூக்கப் போனவர்கள் 30 வயதில் எப்படித் திரும்பி வந்தார்கள் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். தீபாவளிக்கு மறுநாள் நாங்கள் நாலு பேர் அவர் வீட்டுக்குப் போனோம். ஆட்டத்தைப் பற்றிப் பேசினோம், ஜீக்சனின் அம்மாவைப் பற்றிப் பேசினோம். கேட்டுக்கொண்டிருந்தார். "பரீச்ச எழுதிட்டுப் போகட்டும், அதுவரைக்கும் விடுங்க அண்ணே" என்று கேட்டோம். டீ கொடுத்தார். பதில் சொல்லவில்லை. ஆனால் மாமா இந்தக் கிழமை தனியாகத்தான் கொழும்புக்கு பஸ் ஏறினார்.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது கொல்கத்தாவில் இறுதி ஆட்டமும் முடிந்திருக்கும். அதற்கிடையில் தோட்டக் கமிட்டிகளிடம் கேட்க எங்களுக்கு ஒரு காரியம் உண்டு. வீடு கட்டக் காணி அளக்கிறார்கள். பல இடங்களில் இருக்கிற மட்டமான நிலத்தையெல்லாம் வீட்டுக்கே அளந்துவிடுகிறார்கள், பிள்ளைகள் ஆடுகிற இடமும் சேர்ந்து போகிறது. வரைபடம் வரும்போதே தலைவரும் கமிட்டியும் போய்ப் பாருங்கள். நூறு வீடு வருகிற இடத்தில் மைதானத்துக்கென்று ஒரு துண்டு விட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். விடவில்லையென்றால் அதை எழுத்தில் கொடுங்கள். உங்கள் தோட்டத்தில் முன்பு மைதானம் இருந்து, இப்போது மரமோ மரக்கறித் தோட்டமோ ஆகியிருந்தால் அதையும் எழுதுங்கள்: எந்த டிவிஷன், எந்த வருஷம்வரை ஆடினீர்கள், இப்போது அதில் என்ன இருக்கிறது. மூத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இந்த மாதச் சந்தாக் கணக்கு கொண்டுவரும்போது அந்தக் கடிதத்தையும் காரியாலயத்தில் கொடுங்கள்.

எங்கள் மேட்டின் கடிதத்தை எழுதிவிட்டோம். சரிவு எத்தனை அடி என்று அளந்து கொடுத்தது அந்தப் பையன்தான்.